தினேஷ்வரன் மாஸ்க் கழற்றிய படலம்

ஏழு கடல்களே, ஒரு கணம் அலையடங்கி நில்லுங்கள்! திமிங்கிலங்களே, வழிவிடுங்கள்! சுறாக்கூட்டமே, பல்லை மூடு! புக்கிட் காத்தில் மூலைவீட்டுக் கோமான், குளிரூட்டும் ஏர்கோன் கடையின் துணை மேலாளன், மைத்துனர் அவையில் மார்தட்டும் மறவன், மூக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் மூவுலகும் அதிர இருமும் முக்குளிப்பு வேந்தன், தன் திருத்தொந்தியைக் கருநிற ரப்பர் உடுப்புக்குள் கட்டிக்காக்கும் காவலன், தினேஷ்வரன் வருகிறான்! அவன் மலாக்கா மாநிலத்து நீர்நிலைகள் மீது படையெடுத்த வரலாற்றையும், அவற்றுள் ஒன்றுகூட அவனுக்குப் பணியாமற்போன கொடுமையையும், இறுதியில் தஞ்சோங் கிளிங் சேற்றில் அவன் அடைந்த பெரும்பேற்றையும் பாடவே இங்கே வாய் திறக்கிறோம். கேட்பவர்களுக்குப் புண்ணியம் எதுவும் கிடைக்காது. பொழுது போகும்.

முறைப்படி முதலில் குலச்சிறப்பைக் கூற வேண்டும். அவனுடையதோ கடல் கடந்த குலம்! நாகப்பட்டினத்தில் கப்பலேறி, வங்கக் கடலின் நீல மார்பைப் பிளந்து, பினாங்கில் இறங்கி, அங்கிருந்து ரயிலிலும் லாரியிலும் அடைத்து அனுப்பப்பட்டு, மலாக்காக் காட்டில் ரப்பர் மரத்தோடு மரமாக ஊன்றப்பட்ட பெருங்குலம். ஆனால் அந்த மகா பயணத்தில் அவன் கொள்ளுத்தாத்தா கடலை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. மேல்தளத்தில் கயிற்றைப் பிடித்தபடி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அன்று கடலோடு ஏற்பட்ட மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை. தோட்டத்து வழி வந்த நம்மவர்கள் இன்றைக்கும் கடற்கரைக்குப் போனால் கணுக்கால் நனைத்து, வறுத்த நண்டு தின்று, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவார்கள். காலை வேளையில் நம்மவர் ஒருவர் இடுப்பளவு கடலில் நிற்கிறார் என்றால் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று அர்த்தம். ஒன்று சாம்பல் கரைக்க வந்திருப்பார், இல்லையென்றால் கருமாதிச் சட்டியை விட வந்திருப்பார். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் வீரன் வைத்துக்கொள்ளவில்லை.

இப்பேர்ப்பட்ட குலத்தில் உதித்தவன் முக்குளிப்பு வீரன் ஆனது எப்படி? மனைவி நளினியால். தமிழ்ப்பள்ளி ஆசிரியையான நளினி அதிகம் பேசமாட்டாள். பேச வேண்டிய பேச்சையெல்லாம் வகுப்பிலேயே பேசித் தீர்த்துவிட்டு வருகிறவள். சென்ற ஆண்டு அவள் பெர்ஹெந்தியான் தீவில் ஸ்கூபா வகுப்பில் சேர்ந்தாள். மனைவி கடலுக்கடியில் உலவ, கணவன் கரையில் இளநீர் உறிஞ்சுவதா? பொங்கியெழுந்த தினேஷ்வரன் தானும் சேர்ந்தான். அவ்வகுப்பில் ஒரு பாடம் உண்டு. கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடியிருக்கும் கண்ணாடி மாஸ்க்கைத் தண்ணீருக்குள்ளேயே கழற்ற வேண்டும். மறுபடி மாட்ட வேண்டும். உள்ளே புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியே தள்ள வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகள் இதை விளையாட்டாகச் செய்துவிட்டுப் போவார்கள்.

நம் வீரனோ மூக்கு நனைந்த மாத்திரத்தில், வாயில் காற்றுக்குழாய் இருப்பதை மறந்தான், வகுப்பை மறந்தான், குலம் கோத்திரம் மறந்தான், கால்களை உதறிக்கொண்டு பட்டாசுபோல் மேலே கிளம்பினான். அப்படி விருட்டென்று மேலேறுவது நுரையீரலுக்கு ஆபத்து. பயிற்றுநர் திரும்பிப் பார்ப்பதற்குள் நளினி பாய்ந்து அவன் காலைப் பற்றினாள். பிறகு கையைப் பற்றினாள். அவன் கண்ணைப் பார்த்தபடியே, மூச்சை விடு, மூச்சை விடு என்று தன் மூச்சால் காட்டி, மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்தாள். கரை சேர்ந்தும் அவன் அவள் கையை விடவில்லை. மறுநாள் மீண்டும் முயன்று தண்ணீருக்குள் ஏதோ ஒன்றைச் செய்தான். பயிற்றுநர் அதைப் பாடம் என்று ஒப்புக்கொண்டார். அவருக்கும் பசி.

இத்தோடு அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் காவியம் இல்லை. வந்தது தீபாவளி. ஜொகூர் பாருவில் நளினியின் தம்பி திலீபன் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. உறவினர் புடைசூழ, பிரியாணித் தட்டு மடியில் விளங்க, கோழித் தொடை செங்கோல்போல் கையில் ஓங்க, தினேஷ்வரன் அவையோரை நோக்கி முழங்கினான்:

“கீழ போனதும் நளினி பயந்துட்டா. ஒரே கலாட்டா. நான்தான் கையப் புடிச்சி, ரிலேக்ஸ் லான்னு கண்ணாலயே சொல்லி, மெதுவா மேல கொண்டாந்தேன். தண்ணிக்குள்ள தைரியம் வேணும் மச்சான். எல்லாருக்கும் வராது.”

அவை ஆர்ப்பரித்தது. முறுக்குத் தட்டோடு உள்ளேயிருந்து வந்த நளினி ஒரு கணம் நின்று கணவனைப் பார்த்தாள். பிறகு முறுக்கை எல்லோருக்கும் நீட்டினாள். அவள் பார்த்த பார்வையை அவன் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். அறிவு அவனுக்கு எப்போதுமே ஏர்கோன்போல்தான், போட்டவுடன் குளிராது, கொஞ்ச நேரம் ஆகும்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளும் நாளும் வந்தது. இளங்கன்றுத் துடிப்புடைய திலீபன் தானும் முக்குளிப்புக் கற்று, தண்ணீர் புகாத கேமரா ஒன்றும் வாங்கி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தன் குரலால் போர்முரசு அறைந்தான்: “அத்தான், வர்ற ஸ்கூல் லீவுக்கு தியோமான் தீவு புக் பண்ணியாச்சு! மொத டைவுல எல்லாரும் கீழ மண்டி போட்டு மாஸ்க் கழட்டிக் காட்டணுமாம். நீங்கதான் லீடர். நீங்க மொதல்ல செஞ்சி காட்டுங்க, நான் வீடியோ எடுக்கிறேன் லா!”

அக்குரலை வீரன் மூன்று முறை போட்டுக் கேட்டான். அவன் மானம், அவன் மீசை, தீபாவளி அவையில் அவன் நாட்டிய கொடி, எல்லாம் இப்போது ஒரு மூக்கின் இரு துளைகளில் தொங்கின. ஆனால், இகழ்ந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், அவன் அஞ்சியது திலீபனின் கேமராவுக்கு மட்டுமல்ல. நளினியின் வாய்க்கு அஞ்சினான். தீபாவளியிலிருந்து அவள் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பான். இரவில் அவள் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருக்கும்போது, இப்போது சொல்வாளோ, இப்போது சொல்வாளோ என்று பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பான். தியோமான் கடலடியில் அவன் மறுபடியும் பதறி, அவள் மறுபடியும் அவன் காலைப் பிடிக்க நேர்ந்தால் அவள் சொல்லவே வேண்டியதில்லை. எல்லோரும் பார்த்துவிடுவார்கள். பார்த்த பிறகு அவள் முகத்தில் என்ன இருக்கும் என்பதை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

எனவே சூள் உரைத்தான்: நளினி அறியாமல், திலீபன் அறியாமல், மலாக்கா நகரை ஒட்டி எங்கேனும் ஒரு நீர்நிலையைக் கண்டுபிடித்து, மாஸ்க் கழற்றும் வித்தையை வென்றே தீருவது! காற்றுச் சிலிண்டர் இதற்கு வேண்டாம், மூச்சுக்குழாய் ஒன்றே போதும். இடுப்பளவு தண்ணீர் கிடைத்தால்கூட அதிகம். கைப்பேசி என்னும் மாயக்கண்ணாடியைத் தட்டி, மலாக்காவுக்கு அருகே முக்குளிக்க இடம் யாது என்று வினவினான். அது கோட்டை காட்டியது, கோழிச்சோற்று உருண்டை காட்டியது, ஆற்றில் படகு விடும் நேரம் காட்டியது. முக்குளிக்கத் தியோமான் போகலாம் என்று யோசனையும் கூறியது. கைப்பேசியை மெத்தை மீது வீசிவிட்டு, தானே தேடுவதென்று புறப்பட்டான்.

முதற் படையெடுப்பு தஞ்சோங் கிளிங் கடலோர விடுதி ஒன்றின் நீச்சல்குளத்தின்மீது நிகழ்ந்தது. நீலநிறத் தரைக்கல் பளபளக்க, பளிங்கு நீர் தளதளக்க, மிதவைச் சக்கரம் மாட்டிய மழலைப் பட்டாளம் கலகலக்க விளங்கிய அக்குளத்தில், தலை முதல் கால்வரை கருப்பு உடுப்பணிந்து, துடுப்புக்கால் மாட்டி, இடுப்பில் ஈயக்கட்டி கட்டி, காலன்போல் இறங்கினான் தினேஷ்வரன். மழலைப் பட்டாளத்தில் இருவர் வீரிட்டழுதனர். ஒரு தாய் குழந்தையை வாரிக்கொண்டு ஓடினாள். காவலர் நிதானமாக நடந்து வந்து, குனிந்து, மரியாதையாகவே கூறினார்: “பாங், இனி கோலாம் புடாக்.” அண்ணே, இது சின்னப் பிள்ளைங்க குளம் என்று அதற்குப் பொருள். வீரன் எழுந்து பார்த்தான். தண்ணீர் அவன் முழங்காலுக்கும் கீழே இருந்தது. ஆழமான குளத்தில் அன்று நீர் வடித்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் படையெடுப்பு ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக் குட்டையை நோக்கிச் சென்றது. அதன் கரையில் முதலைப் படம் போட்ட பலகை ஒன்று நட்டிருந்தது. நம் வீரன் காரிலிருந்து இறங்கவே இல்லை. முதலையைக் கண்டு அஞ்சினான் என்று எவரும் எண்ண வேண்டாம். அவன் அஞ்சியது பலகையைக் கண்டுதான்.

மூன்றாவதாக அவன் குறிவைத்தது பெம்பான் வெந்நீர் ஊற்று. பூமித்தாயின் அடிவயிற்றில் கொதித்துப் பொங்கிப் புகைந்தெழும் அப்புனிதத் தீர்த்தத்தில் அன்று காலை மூட்டுவலிக்காரர்கள் வரிசையாக அமர்ந்து கால் நனைத்துக்கொண்டிருந்தனர். ஆழமான தொட்டியில் ஆளில்லை. அட, எவ்வளவு பெரிய வாய்ப்பு! குளிர்கடலின் குளிரைத் தடுப்பதற்கென்றே செய்யப்பட்ட கனத்த ரப்பர் உடுப்போடு கொதிநீருக்குள் இறங்கினான் அந்த மதியூகி. சற்று நேரத்தில் அவன் மேனி வெந்தது, அறிவு வெந்தது, மாஸ்க் முழுக்க ஆவி படிந்து எதிரே இருப்பது சுவரா மனிதரா என்றே தெரியவில்லை. கழற்றிப் பழக வந்தவன் கழற்றாமலே மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து மேலேறினான். பக்கத்தில் கால் நனைத்துக்கொண்டிருந்த கோமளா என்னும் அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தார். முழங்கால் வலிக்கு வாரந்தவறாமல் வருகிறவர் அவர். முட்டை வேகவைக்கப் பையில் முட்டையும் கொண்டுவந்திருந்தார்.

“ஏந்தம்பி, ஒடம்பு பூராவுமா மூட்டு வலி?” என்றார் உண்மையான இரக்கத்தோடு. “இந்த வயசுலயா? ஐயோ பாவம். இந்தா, முட்ட சாப்புடு.”

வீரன் முட்டையை வாங்கிக்கொண்டான். உப்பு இருக்கிறதா என்று வேறு கேட்டான்.

பயண நாள் நெருங்கிற்று. நளினி பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். இனி எஞ்சியது ஒரே நீர்நிலைதான். எவரும் துரத்தமுடியாதது, கொதிக்காதது, முதலைப் பலகை இல்லாதது, கொள்ளுத்தாத்தா வாந்தி எடுத்தபடி கடந்தது. ஆம், கடல்! வேந்தர் பலர் மரக்கலம் ஓட்டிய மலாக்கா நீரிணை! கலங்கரை காணா ஆழி! அதைவிட முக்கியமாக, வாகனம் நிறுத்த இடம் உள்ள கடல். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், காலை நடைக்குப் போகிறேன் என்று நளினியிடம் கூறிவிட்டுத் தஞ்சோங் கிளிங் கரைக்குப் புறப்பட்டான்.

வீரன் போர்க்கோலம் பூண்ட அழகைப் பாதம் முதல் தலைவரை பாடுவது மரபு. ஆகவே கேளுங்கள். கரையோரம் நிறுத்திய மைவி காரின் பின்னிருக்கையே அவன் ஒப்பனை மண்டபம். ரப்பர் உடுப்பு வழுக்கிக்கொண்டு ஏறட்டும் என்று கால்களில் ஷாம்பு பூசினான். கெண்டைக்கால் ஏறியது, தொடை ஏறியது, தொந்தி ஏற மறுத்தது. படுத்தான், புரண்டான், முன்னிருக்கையில் காலை ஊன்றி உந்தினான். கார் குலுங்கியது, ஹாரன் அலறியது, தென்னையிலிருந்து காக்கைகள் பறந்தன. நெஞ்சில் ஆங்கிலத்தில் பொன்னெழுத்தில் கேப்டன் தினேஷ் என்று அச்சடித்திருந்த அக்கவசத்தை இறுதியில் பூண்டான். பாதங்களில் வாத்தும் நாணும் இருபெரும் கருந்துடுப்புகள்! இடையில் ஈயக்கட்டி மேகலை! நெற்றியில் கிச்சிலி நிறத்து மாஸ்க்! வாயோரம் மூச்சுக்குழாய்! துடுப்புக்காலோடு முன்னோக்கி நடந்தால் தடுக்கும் என்று வகுப்பில் கற்றிருந்தான். எனவே கடலுக்கு முதுகு காட்டி, பின்பின்னாக நடந்து, பகைவன் மேல் படையெடுத்த முதல் மாவீரன் என்னும் புகழோடு தினேஷ்வரன் நீரிணைக்குள் புகுந்தான்.

மலாக்கா நீரிணை தன் அடிவயிற்றில் பவளம் வைத்திருக்கவில்லை; சேறு வைத்திருந்தது. கால் வைத்த இடமெல்லாம் முழங்கால்வரை விழுங்கியது. நீரின் நிறம் தே தாரிக் என்னும் இழுத்தாற்றிய பால்தேநீர். அதற்குள் முகத்தை விட்டவனுக்குத் தன் கையே தெரியவில்லை. இடுப்பளவு நீரில், கரைக்கு முதுகு காட்டி மண்டியிட்டான். முகம் நீருக்குள், மூச்சுக்குழாய் நுனி மட்டும் வெளியே. மாஸ்க்கின் பட்டையில் கைவைத்தான். கையை எடுத்தான். மீண்டும் வைத்தான். கடவுளே, கடவுளே என்று உள்ளுக்குள் புலம்பினான். தியோமான் தெரிந்தது, கேமரா தெரிந்தது, முறுக்குத் தட்டோடு நின்ற நளினி தெரிந்தாள். மீண்டும் கையை எடுத்தான். இப்படியே எடுப்பதும் வைப்பதுமாக நெடுநேரம் போயிற்று.

அந்நேரத்தில் அவன் முதுகுக்குப் பின்னே கரையில் ஒரு வேன் வந்து நின்றது. பெம்பான் பக்கத்துத் தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற சுப்பன் என்பவரின் பதினாறாம் நாள் காரியத்துக்குக் குடும்பம் வந்திறங்கியது. சுப்பன் கறுத்த, பருத்த மனிதர். வாயில் எப்போதும் சிகரெட். சர்க்கரை நோயில் அவருடைய வலது காலை எடுத்துவிட்டார்கள். இல்லாத காலில் வலிக்கிறது, இல்லாத காலில் வலிக்கிறது என்று கடைசிவரை கத்திக்கொண்டிருந்து செத்துப்போனார். காரியம் செய்துவைக்க வந்த பண்டாரம் மணலில் வாழையிலை விரித்தார். சோறு, ஆட்டுக்கறி, அவித்த முட்டை, சுப்பனுக்குப் பிடித்த கறுப்பு பீர் ஒரு போத்தல், சிகரெட் ஒரு பெட்டி எல்லாம் படைத்தாயிற்று. சிங்கப்பூரில் இருக்கும் அக்காளுக்குக் காட்டுவதற்காக மகன் கவிநேசன் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்தான். இனி காக்கை வந்து தொட வேண்டும்.

காக்கை வரவில்லை. தஞ்சோங் கிளிங் காக்கைகள் முந்தைய நாள் சுற்றுலாக்காரர்கள் விட்டுப்போன பொரித்த கோழியைத் தின்று தெவிட்டிப்போய், ஹாரன் சத்தத்தில் பயந்தும் போய், தென்னை உச்சியில் உட்கார்ந்திருந்தன. எல்லோரும் கா கா என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டார்கள். அடுத்த வீட்டுக் காரியத்துக்கு நேரமாகிவிட்ட பண்டாரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுப்பனின் மனைவி மாரியம்மா இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “கோவமாயிருக்காரு,” என்று முனகினாள். “கால எடுக்கச் சொல்லி கையெழுத்து போட்டது நான்தான். அதான் வரமாட்டேங்கிறாரு.” கவிநேசன் கைப்பேசியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, கருமாதிச் சட்டியையும் சாமந்தி மாலையையும் எடுத்துக்கொண்டு கடலோரம் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு வீசினான்.

சட்டி ஓர் ஓரமாய் விழுந்தது. மாலை பறந்து சென்று, நீருக்குமேல் நீட்டிக்கொண்டிருந்த மூச்சுக்குழாயின்மீது அழகாக விழுந்து இறங்கியது. சரியாக அந்தக் கணத்தில்தான், போர்க்களத்தில் விதி என்பது இதைத்தான், நம் வீரன் கண்ணை இறுக மூடி மாஸ்க்கைக் கழற்றினான்!

மூக்கில் நீரிணை புகுந்தது. குழாயைச் சாமந்தி அடைத்தது. மாஸ்க் கைநழுவி நீரோடு போயிற்று. அண்டம் நடுங்க, ஆழி கொந்தளிக்க, சேறும் பூவும் நுரையும் சிதற, ஊழிக்காலத்துக் கருமலைபோல் எழுந்தான் தினேஷ்வரன்! கறுத்த மேனி, பருத்த வயிறு, கழுத்தில் மாலை, முகமெல்லாம் சேறு, திறக்கமுடியாத கண்கள், வாயிலிருந்து ஓர் உறுமல். கரைநோக்கி விழுந்தடித்து வந்தான். கரையில் இருந்தவர்கள் பாதிப்பேர் வேனுக்குள் ஏறிவிட்டார்கள். மீதிப்பேர் மணலில் விழுந்து கும்பிட்டார்கள். கைப்பேசியை வைத்திருந்தவர் மட்டும் பயத்தில் அதை நிறுத்த மறந்துபோனார்.

மாரியம்மா ஓடவில்லை. அவள் வந்தவனின் முகத்தைப் பார்க்கவே இல்லை, காலைத்தான் பார்த்தாள். சளப் சளப் என்று மணலில் அறைந்துகொண்டு வந்த அந்த இரண்டு மாபெரும் கறுத்த பாதங்களைப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து ஒரு கூக்குரல் எழுந்தது: “ரெண்டு காலும் இருக்குடா! டேய் கவி, பாருடா! கால திருப்பிக் குடுத்துட்டாங்கடா! பெரிய காலா குடுத்துட்டாங்கடா!”

பண்டாரம் அனுபவசாலி. ரப்பர் உடுப்பை அடையாளம் தெரிந்துகொண்டார், நெஞ்செழுத்தையும் படித்துவிட்டார், கடிகாரத்தை இன்னொருமுறை பார்த்தார். “ஏத்துக்கிட்டாரு! எல்லாரும் கும்புட்டுக்கங்க!” என்று அறிவித்துவிட்டுத் தாம்பாளத்தை அடுக்கத் தொடங்கினார்.

தினேஷ்வரன் துடுப்புத் தடுக்கி இலையின் முன்னால் தொப்பென்று உட்கார்ந்தான். தொண்டை எரிந்தது. யாரோ கையில் போத்தலைத் திணித்தார்கள், தண்ணீர் என்று எண்ணி மடமடவென்று குடித்தான். அது தண்ணீர் இல்லை என்பது பாதிப் போத்தலில் தெரிந்தது. மாரியம்மா அவன் முன்னால் மணலில் உட்கார்ந்து, அந்த ரப்பர்ப் பாதத்தைத் தொட்டாள். “சாப்பாடுன்னா மட்டும் வந்துருவியே, யோவ்,” என்றாள். பிறகு மிக மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்: “இப்ப வலிக்குதாயா?”

அப்போதுதான் அவன் கண்ணைத் திறந்தான். இலையும் சிகரெட்டும் அழுத கண்களும் தெரிந்தன. தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது, தாமதமாகத்தான் என்றாலும், அவனுக்கு விளங்கியது. நான் சுப்பன் இல்லை அம்மா, புக்கிட் காத்தில் ஏர்கோன் கடைக்காரன் என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. இல்லை, வலிக்கவில்லை என்று தலையை ஆட்டினான். மாரியம்மா நெஞ்சில் கைவைத்து நீண்ட மூச்சு விட்டாள். பதினாறு நாளாக அடைத்திருந்தது அது. இந்த மனிதன் தன் வாழ்நாளில் சொன்ன பொய்களில் உருப்படியானது இது ஒன்றுதான். அதையும் வாயால் சொல்லவில்லை.

சுப்பன் மீண்டு வந்த காட்சி சிங்கப்பூர் போயிற்று. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் போயிற்று. தஞ்சோங் கிளிங்கில் அதிசயம் என்ற தலைப்போடு, கும்பிடும் கைகள் பல ஒட்டப்பட்டு, மதியத்துக்குள் ஜொகூர் பாருவை அடைந்தது. சேறு முகத்தை மறைத்திருந்தது. ஆனால் சாமந்தி மாலைக்குக் கீழே கேப்டன் தினேஷ் என்னும் பொன்னெழுத்து எங்குமே மறையவில்லை.

வீரன் வீடு திரும்பியபோது சேற்று நாற்றமும் பீர் நாற்றமும் அவனுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்தன. காதோரம் இரண்டு சாமந்தி இதழ் ஒட்டியிருந்தது. நளினி சாப்பாட்டு மேசையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தாள். குழுவில் வந்திருந்த திலீபனின் குரலை மட்டும் போட்டுக்காட்டினாள்: “அக்கா, இது நம்ம அத்தான்தானே? நெஞ்சுல பேரு இருக்கு லா! சேத்துல என்னா பண்றாரு? மாஸ்க் கழட்டத் தெரியாமத்தான் பழகுறாரா?”

சிரிப்புப் படங்கள் அதன்கீழே குவிந்திருந்தன. தினேஷ்வரன் பேந்தப் பேந்த விழித்தான். மானம் போயிற்று, மீசை போயிற்று, கொடி கீழே சாய்ந்தது. இதோ, அவன் நாள்தோறும் அஞ்சிக் காத்திருந்த சொல் இப்போது வரப்போகிறது. நளினி கைப்பேசியை வாயருகே கொண்டுபோனாள்.

“ஆமாடா, அத்தான்தான். பிராக்டிஸ் பண்ணப் போனாரு,” என்றாள். “மாஸ்க் கழட்டுறது சூசாதான், கஷ்டந்தான். எனக்கும் மொதல்ல வரல. நீ தண்ணிக்குள்ள போயி அழுவாம இரு, அப்பறம் பேசு.”

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். சேறு சொட்டும் வீரன் தரையைப் பார்த்தபடி நின்றான். உப்பால் கன்றியிருந்த தொண்டையிலிருந்து, முழக்கம் எதுவுமின்றி, ஒரு சிறிய குரல் வெளிவந்தது: “நளினி... அன்னிக்கு மேல கொண்டாந்தது நீ.”

“தெரியும்,” என்றாள் நளினி. அவன் காதோரச் சாமந்தியை எடுத்துவிட்டு, “மாஸ்க் எங்க?” என்றாள்.

“கடல்ல போச்சு.”

ஆக, விடுதிக்குளம் விரட்ட, முதலைக்குட்டை மிரட்ட, வெந்நீர் ஊற்று வேகவைக்க, ஆழிப்பெருங்கடல் அள்ளி உமிழ, மலாக்கா மாநிலத்தின் நாற்றிசையிலும் தோற்று, முகக்கவசமிழந்து, கண் சிவந்து, கறுப்பு பீர் மணக்க நின்ற அந்த நிகரிலா முக்குளிப்பு வேந்தனுக்கென்று, அவன் பகையனைத்தும் முடித்துப் பயிற்சி பெறுவதற்கென்று, இப்பூவுலகில் விதிக்கப்பட்ட மகா சமுத்திரம் எங்கே, எங்கே என்று எண்டிசைக் காவலரும் எட்டிப்பார்த்து நிற்கும் வேளையில், இதோ அச்சமுத்திரம் பொங்குகிறது, இதோ அதன் பேரொலி செவிகளில் விழுகிறது!

நளினி துணி ஊறவைக்கும் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்து, தன் மாஸ்க்கை அவனிடம் கொடுத்து, “மூஞ்சிய உள்ள விடுங்க, கைய நான் புடிச்சிக்கிறேன்,” என்றாள்.